இடது காலின் அளவு

பெரியநாயக்கன்பாளையம்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மணி லோகப்பிரியாவுக்கு,

அண்ணன் மனோஜ்குமார் எழுதுவது. நான், உன் அண்ணி கீதாமணி, அம்மா மூவரும் சுகம். உன் இருமல் நின்றதா? புனேக் குளிர் உனக்கு எப்போதுமே ஆகாது.

நாற்பத்தோரு வயதில் தங்கச்சிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அம்மாதான் காரணம். குலதெய்வம் கோவில் பொங்கலில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பந்தய வேகத்துக்கு மேனுவல் கியரா ஆட்டோமேட்டிக்கா என்று நாம் போட்ட சண்டையில் பெரியப்பா பாயசம் வருமுன்னே இலையை மூடிவிட்டு எழுந்தாரே, அது அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. நேற்று நீ போனில் "ஏனுங்கண்ணா, அந்த ஆட்டோமேட்டிக்" என்று ஆரம்பித்ததும் போன் பாதியில் நின்றது அல்லவா? சிக்னல் கோளாறு இல்லை. அம்மா பிடுங்கிவிட்டார். "இனி இந்த ஊட்டுப் போன்ல கியர்ப் பேச்சு ஆகாது. சோறு தின்னியா, தூங்குனியான்னு கேட்டுப்போட்டு வெச்சுருங்க. சண்டை போடோணும்னா காயிதத்துல எழுதிப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டார். சரி, காகிதத்தில் போடலாம்.

விஷயம் இதுதான். என் சினேகிதன் சுந்தரராஜுலு புதுக் கார் எடுத்திருக்கிறான். என் வெள்ளைக் கார் என்ன மாடலோ அதே மாடல், அதே இன்ஜின், அதே டயர். ஒரே வித்தியாசம், அவனுடையது ஆட்டோமேட்டிக். செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் நம்மைப் போன்றவர்கள் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்ட மாதம் ஒரு ஞாயிறு விடுகிறார்கள். டிசம்பரில் அங்கே போவோம். அவன் அவன் காரில், நான் என் காரில், ஆளுக்கு மூன்று சுற்று. சிறந்த ஒரு சுற்று கணக்கு. அவன் முந்தினால் நீ ஜெயித்தாய். நான் முந்தினால் நான். தோற்கிற ஆள் அடுத்த வருஷம் அதே கோவிலில், இலை போடுமுன் எழுந்து நின்று, "நான் சொன்னது தப்பு" என்று சொந்தக்காரர்கள் எல்லார் காதிலும் விழப் படிக்க வேண்டும். பெரியப்பாவை முன் வரிசையில் உட்கார வைப்பது என் பொறுப்பு.

தைரியம் இருந்தால் பதில் போடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
மனோஜ்குமார்


புனே
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை எழுதுகிறேன். இருமல் போய்விட்டது. உங்கள் மாப்பிள்ளை நலம், உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு "உங்க குடும்பத்துக்கு வேற வேலையே இல்லையா?" என்று சிரித்தார். அம்மாவின் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று போனில் கேட்டால் "நல்லாருக்குது" என்று மட்டும் சொல்கிறார். நீங்கள் எழுதுங்கள்.

பந்தயத்துக்குச் சம்மதம். கூடவே ஒரு சங்கதி. சுந்தரராஜுலு அண்ணன் காரில் இருக்கிற கியர்பெட்டி எங்கள் கம்பெனி செய்தது. எந்த வேகத்தில், எவ்வளவு மிதித்தால், எந்தக் கியர் என்று அதற்குப் பாடம் சொன்ன ஐந்து பேரில் நானும் ஒருத்தி. அதனால் நீங்கள் மோதப்போவது அவரோடு இல்லை, என்னோடு.

என்னவோ ஆட்டோமேட்டிக் என்றால் உள்ளே கியரே இல்லாத மாதிரி பேசுகிறீர்கள். உள்ளே இருப்பதும் நீங்கள் ஷெட்டில் தினமும் வெட்டுகிற அதே பல்சக்கரம்தான் அண்ணா. இந்தப் பெட்டியில் கிளட்ச் இரண்டு. ஒன்று மூன்றாம் கியரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று நான்காம் கியரைத் தயாராக வைத்திருக்கும். மாறுவது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. நீங்கள் செட்டிபாளையத்தில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு தடவை கியர் மாற்றுகிறீர்கள். தடவைக்குக் கால் நொடி இழந்தால் எவ்வளவு என்று அண்ணியிடம் கேளுங்கள், உங்களைவிட அவர் கணக்கில் கெட்டி.

படிக்க வேண்டிய தாளை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் அன்புடன்,
லோகப்பிரியா


பெரியநாயக்கன்பாளையம்
13 ஏப்ரல் 2025

அம்மணிக்கு,

அண்ணனின் ஆசி. நாளைக்கு வருஷப்பிறப்பு, உனக்கும் மாப்பிள்ளைக்கும் வாழ்த்து. அம்மாவுக்குச் சர்க்கரை நூற்றறுபது, மாம்பழம் வந்துவிட்டதால் இனி ஏறும்.

போன ஞாயிறு டிராக்கில் ஓட்டினேன். ஒரு நிமிஷம் இருபத்திரண்டு நொடி, அப்புறம் பத்தில் நாலு பங்கு. என் வாழ்நாளில் இதுவே சிறந்தது. இதைச் சுவரில் எழுதி வை.

உன் கால் நொடிக் கணக்கைக் கீதாவிடம் காட்டினேன். "மூணு நொடிங்க" என்று சொல்லிவிட்டுத் துவைக்கப் போய்விட்டாள். கணக்கு சரி, ஆனால் கார் கணக்கில் ஓடுவதில்லை கண்ணு. அந்த நீள நேர் முடிந்து வளைவு வருகிறது பார், அங்கே வலது கால் முன்பாதம் பிரேக்கில், அதே காலின் ஓரம் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு, இடது கால் கிளட்சில், கை மூன்றாம் கியருக்கு. நாலும் ஒரே மூச்சில். கார் ஒரு குலுக்கல் இல்லாமல் திரும்பும்போது அடிவயிற்றில் ஒரு சந்தோஷம் வரும். அதற்கு நீ எத்தனை நொடி போடுவாய்?

கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் இடது உள்ளங்காலுக்குத் தெரியும். உன் ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காலுக்கு என்ன வேலை? கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கும். இடது கால் வேலை செய்யாதவனுக்குச் செய்த வண்டி அது. இதை டீக்கடையில் சுந்தரராஜுலுவின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். கடையே கைதட்டியது. இப்போது அவன் காரைப் பார்த்தாலே எல்லாரும் அதையே சொல்கிறார்கள்.

பதிலை யோசித்து எழுது.

அண்ணன்,
மனோஜ்குமார்


பெரியநாயக்கன்பாளையம்
29 ஜூன் 2025

அன்புள்ள அம்மணிக்கு,

நலம். நலமறிய ஆவல். நீ மே மாதம் போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். கோபித்துக்கொள்ளாதே.

பைக்கில் சறுக்கியது போனிலேயே உனக்குத் தெரியும். துடியலூர் தாண்டி ரோட்டில் கொட்டிக் கிடந்த மணல், அவ்வளவுதான். கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரிசல் என்று கட்டுப் போட்டார்கள், பிரித்தும் ஆயிற்று. அம்மா உன்னிடம் கூட்டிச் சொல்லியிருப்பார், பாதியைத் தள்ளிவிடு.

ஷெட்டில் வேலை அதிகம். அதனால் டிராக் பக்கம் போக நேரமில்லை. டிசம்பருக்குத்தான் நாள் கிடக்கிறதே. மழை இந்த வருஷம் பரவாயில்லை. நொய்யலில் தண்ணீர் வந்திருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். ஷெட்டுக்கு எதிரில் புதிதாக ஒரு பேக்கரி வந்திருக்கிறது, தேங்காய்பன் நன்றாக இருக்கிறது.

மேனுவல்தான் உசத்தி என்பதில் மாற்றம் இல்லை.

அண்ணன்,
மனோஜ்


புனே
13 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கையின் வணக்கம். இங்கே மழை கொட்டுகிறது, துணி காயவில்லை, மற்றபடி நலம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நொய்யல் இருக்கிறது, தேங்காய்பன் இருக்கிறது, ஒரே ஒரு நொடிக்கணக்குகூட இல்லை. என்னைத் திட்டி ஒரு வரிகூட இல்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? போனில் கேட்டால் "கால் ஜம்முனு இருக்குது அம்மணி" என்கிறீர்கள். சரி, நம்புகிறேன்.

ஆகஸ்டில் உங்கள் பிறந்தநாள் வருகிறது. இங்கே பந்தயத்துக்குப் போடுகிற மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூவைக் காலுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். உங்களுக்கு ஒரு ஜோடி என் செலவு. எதிரிக்கு ஆயுதம் வாங்கித் தருகிற தங்கச்சி வேறு எந்த ஊரிலும் இல்லை. ஒரு வெள்ளைத்தாளில் வெறுங்காலை வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்புங்கள். இரண்டு காலும் தனித்தனித் தாளில். மடித்து உறையில் போட்டால் போதும்.

அன்புடன்,
லோகப்பிரியா


பெரியநாயக்கன்பாளையம்
27 ஜூலை 2025

அம்மணிக்கு,

எல்லாரும் சௌக்கியம். கேட்டபடி கால் அளவு வைத்திருக்கிறேன், இரண்டு தாள். செலவு எதற்கு கண்ணு? ஆனாலும் நீ சொன்னால் கேட்கமாட்டாய்.

நல்ல வேலையாள் கிடைப்பதில்லை. வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்,
மனோஜ்


புனே
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

லோகப்பிரியா எழுதுகிறேன். நீங்களும் அம்மாவும் நலந்தானே? இது உங்களுக்கு மட்டுமான கடிதம். அண்ணன் ஷெட்டுக்குப் போன பிறகு படியுங்கள்.

அண்ணன் கால் அளவு அனுப்பியிருந்தார். ஒரு தாளைத் திருப்பி, மற்றதன்மேல் ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். மயிரிழைகூடப் பிசகாமல் பொருந்துகிறது. வலது காலை வரைந்து, தாளைப் புரட்டி, பின்னாலிருந்து தெரிகிற கோட்டின் மேலேயே இன்னொரு தாளில் எழுதி, அதை இடது கால் என்று அனுப்பியிருக்கிறார்.

அண்ணி, அவருடைய இடது கால் சுண்டுவிரல் நேராக இருக்காது. பக்கத்து விரல்மேல் ஏறிக்கிடக்கும். அவருக்கு ஒன்பது வயதில் அதன்மேல் செங்கல் விழுந்தது. போட்டவளே நான்தான். கிரிக்கெட்டில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று ஸ்டம்புக்கு வைத்திருந்த கல்லைத் தூக்கிக் காலில் போட்டேன். அந்த விரலை எனக்குத் தெரியாதா? ஒரு ஷூவுக்காக ஒரு மனுஷன் இப்படியெல்லாம் செய்வாரா?

எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் காலுக்கு என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்,
லோகப்பிரியா


பெரியநாயக்கன்பாளையம்
10 ஆகஸ்ட் 2025

அன்பான பிரியா கண்ணுக்கு,

அண்ணி எழுதுவது. அத்தை நன்றாக இருக்கிறார்கள். நீ அழாமல் படிக்க வேண்டும்.

எலும்பு சேர்ந்துவிட்டது கண்ணு. ஆனால் விழுந்தபோது கணுக்காலுக்கு மேலே நரம்பு நசுங்கிவிட்டதாம். பாதம் நிற்கிறது, நடக்கிறது, உணர்ச்சிதான் இல்லை. உள்ளங்காலில் சுடுதண்ணி பட்டால்கூடத் தெரியவில்லை. ஜூலை முதல் வாரம் யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மெயின் ரோடு சிக்னலில் நாலு தடவை இன்ஜின் அணைந்துவிட்டது. பின்னால் மேட்டுப்பாளையம் பஸ் ஆரன் அடிக்கிறது. இவர் இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். சுந்தரராஜுலு அண்ணன் தற்செயலாக அந்தப் பக்கம் வந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று கேட்டேன். "கால் மிதிக்குது கீதா. எவ்வளவு மிதிக்குதுன்னு தெரியமாட்டேங்குது" என்றார். அன்றைக்கு மூடிய தார்ப்பாயைக் காரிலிருந்து இன்றுவரை எடுக்கவில்லை.

நரம்பு மாசத்துக்கு ஒரு அங்குலம் வளருமாம். வரலாம், வராமலும் போகலாம், எந்த இடத்தில் முதலில் வரும் என்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடிபட்ட இடத்திலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் இவர் டேப் வைத்து அளந்தார். எட்டரை அங்குலம். காலையில் பல் விளக்கியதும் பென்சில் முனையால் குத்திக் குத்திப் பார்க்கிறார். நான் பார்ப்பது தெரிந்தால் காலை இழுத்துக்கொள்கிறார்.

கார் ஓட்டாமல் இருந்தால் இந்த மனுஷன் மனுஷனாகவே இருக்கமாட்டார், அது உனக்கே தெரியும். சுந்தரராஜுலு அண்ணன் தன் காரை எடுத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு தடவை சாவியைக் கொடுத்தார். வாங்கவில்லை. இடது கால் வேலை செய்யாதவன் வண்டி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய் அல்லவா? அதில் ஏறி உட்கார்ந்தால் டீக்கடை என்ன சொல்லும் என்று ரோசம். நான் சொன்னேன் என்று காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
கீதாமணி


புனே
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கையின் பிறந்தநாள் வணக்கங்கள். நூறு வயது இருந்து என்னோடு சண்டை போட வேண்டும். அளவு கிடைத்தது. ஷூ தைப்பவர் ஊருக்குப் போயிருக்கிறார், கொஞ்சம் தாமதமாகும்.

ஒரு உதவி வேண்டும். எங்கள் கியர்பெட்டியை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் தேடுகிறோம். இங்கே இருப்பவர்கள் எல்லாரும் ஆட்டோமேட்டிக்கிலேயே வளர்ந்தவர்கள், எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு மேடம்" என்கிறார்கள். எனக்கு வேண்டியது அதை மனதார வெறுக்கிற ஒருவர். இந்தியா முழுக்கத் தேடினாலும் உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

சுந்தரராஜுலு அண்ணன் காரை வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறது, எங்கே உங்கள் மனசுக்கு மாறாகக் கியர் மாற்றுகிறது, எல்லாம் வேண்டும். கொஞ்சமும் இரக்கம் பார்க்க வேண்டாம். டீக்கடையில் யாராவது கேட்டால் எதிரியின் வண்டியை வேவு பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை அல்லவா? மாட்டேன் என்றால் குறை ஏதும் இல்லை என்று எடுத்துக்கொள்வேன்.

உங்கள் குறைப்பட்டியலுக்குக் காத்திருக்கும்,
லோகப்பிரியா


பெரியநாயக்கன்பாளையம்
5 அக்டோபர் 2025

அன்புள்ள அம்மணிக்கு,

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை நூற்று நாற்பதுக்கு இறங்கியிருக்கிறது, மாம்பழம் முடிந்துவிட்டது.

குறை இல்லை என்று எடுத்துக்கொள்வாயாமே? உன் கியர்பெட்டியை ஒரு மாதமாக ஓட்டுகிறேன். வயிறெரிந்து எழுதுகிறேன், வாங்கிக்கொள்.

முதல் நாள் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுந்தரராஜுலு பக்கத்து சீட்டில் கையில் காபியோடு உட்கார்ந்திருந்தான். நாற்பதில் போய்க்கொண்டிருக்கிறோம். முன்னால் ஒரு ஆடு குறுக்கே வந்தது. இருபது வருஷப் பழக்கம், இடது கால் தானாக எழும்பிக் கிளட்சை ஓங்கி மிதித்தது. கிளட்ச் எங்கே இருக்கிறது? அந்த இடத்தில் இருந்தது அகலமான பிரேக். கார் நட்டு வைத்ததுபோல் நின்றது. காபியில் பாதி கண்ணாடியில், மீதி அவன் வெள்ளைச் சட்டையில். "ஏனப்பா, என்னைக் கொல்லோணும்னா ஊட்டுலயே கொன்னுருக்கலாமில்ல!" என்று கத்தினான். ஆடு எங்களைப் பார்த்துக்கொண்டே போனது. மறுநாளிலிருந்து இடது காலை சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்து ஓட்டுகிறேன்.

இப்போது குறைகள், டிராக்கிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுவது. நீள நேரில் உன் பெட்டி அருமை, மனசார ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெரிய வலது வளைவில் நான் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் உடனே மேல் கியருக்குப் போய்விடுகிறது. நான் தளர்த்துவது ஓய்வெடுக்க இல்லை, வண்டியின் மூக்கை வளைவுக்குள் திருப்ப. வெளியே வரும்போது மிதித்தால் "ஓ, வேகம் வேணுமா?" என்று யோசித்து, இரண்டு கியர் இறங்கி, ஒரு உதை உதைக்கிறது. அப்புறம் நாலாவது சுற்றில் சூடாகி மாற்றம் மந்தமாகிறது. கடைசியாக, மேடேறும்போது மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் முடிவெடுக்கத் தெரியாமல் தவிக்கிறது. பின்பக்கத்தில் எந்த இடத்தில் எத்தனை வேகம் என்று எழுதி, டிராக்கையே வரைந்திருக்கிறேன். பதினேழு குறை. இன்னும் வரும்.

இதையெல்லாம் எழுதி முடித்தபோது கீதா வந்து, "என்னங்க தனியாச் சிரிச்சுக்கிட்டிருக்கறீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, நாலு மாதத்துக்கு அப்புறம் சிரித்திருக்கிறேன்.

அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் என்னால் என் காரை ஓட்ட முடியாது. இடது பாதத்தில் உணர்ச்சி இல்லை. கிளட்ச் பிடிக்கிற இடம் தெரியவில்லை. நான் உனக்கு அனுப்பிய இடது கால் அளவு பொய். அன்றைக்கு உட்கார்ந்து வரையத்தான் பார்த்தேன் கண்ணு. பென்சில் காலைச் சுற்றி ஓடுகிறது, கூச்சமே இல்லை. வேறு யாரோ ஒருவன் காலை வரைகிற மாதிரி இருந்தது. பாதியிலேயே தாளைக் கிழித்துவிட்டேன். அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

இடது கால் வேலை செய்யாதவனுக்குச் செய்த வண்டி என்று சொன்னேன். எனக்கென்றே செய்து வைத்திருந்தாய் போல. பந்தயத்தை விட்டுவிடலாம். தாளை நான் படித்துவிடுகிறேன்.

அண்ணன்,
மனோஜ்குமார்


புனே
12 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் கேண்டீனிலேயே உட்கார்ந்து அழுதேன், அப்புறம் ஆடு போன இடத்தை மறுபடி படித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

உங்கள் பதினேழு குறையில் பதினொன்று மெய்யான குறை. வளைவில் மேல் கியருக்குப் போவது எங்கள் ஐந்து பேர் கண்ணிலும் படவே இல்லை. நீங்கள் வரைந்த டிராக் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதைச் சரிசெய்து புதுப் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறோம், டிசம்பரில் வரும்போது சுந்தரராஜுலு அண்ணன் காரில் நானே ஏற்றுகிறேன்.

ஆமாம், வருகிறேன். பந்தயத்தை விட்டுவிட யார் உங்களுக்குச் சொன்னது? ஆட்டோமேட்டிக்கை நீங்கள் ஓட்டுங்கள். உங்கள் வெள்ளைக் காரை நான் ஓட்டுகிறேன். சுந்தரராஜுலு அண்ணனிடம் போனில் கேட்டுவிட்டேன். "அம்மணி, எனக்கும் ஊட்டுக்காரம்மா வேகம் வேண்டாம்னு சொல்லீட்டாங்க, எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். ஆக, நீங்கள் ஜெயித்தால் தோற்றீர்கள். நான் ஜெயித்தால் தோற்றேன். புரிகிறதா?

நான் மேனுவல் தொட்டு ஆறு வருஷம். நேற்று தோழியின் காரை வாங்கிப் பழகினேன். மேம்பாலத்து ஏற்றத்தில் மூன்று தடவை அணைந்தது. பின்னால் ஒருவர் இறங்கி வந்து, "மேடம், ஆட்டோமேட்டிக் வாங்கிக்குங்களேன்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

தார்ப்பாயை எடுத்து வண்டியைத் துடைத்து வையுங்கள். பேட்டரி இறங்கியிருக்கும், ஏற்றுங்கள்.

பாசத்துடன்,
லோகப்பிரியா


பெரியநாயக்கன்பாளையம்
25 ஜனவரி 2026

அன்புள்ள அம்மணிக்கு,

அண்ணனின் ஆசிகள். நாங்கள் எல்லாரும் மிக நலம். மாப்பிள்ளைக்குப் போன தடவை சரியாகச் சோறு போடவில்லை என்று அம்மாவுக்கு இன்னும் குறை.

நீ புனேக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது, டிராக்கின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் மூன்றாம் கியரை நீ நெரித்த சத்தம் டிராக்கின் ஓரத்துச் சுவர்வரை கேட்டது, அதை மன்னிக்கமாட்டேன். நீ ஒரு நிமிஷம் இருபத்து நாலு. நான் இருபத்தொன்று, அப்புறம் பத்தில் எட்டு. உன்னை முந்தியது பெரிதில்லை. என்னுடைய ஏப்ரல் கணக்கையே அரை நொடிக்கு மேல் முந்திவிட்டேன், அதுதான் வயித்தெரிச்சல். வளைவில் உன் பெட்டி இப்போது நான் நினைத்ததைச் செய்கிறது. நான் சொல்லிக்கொடுத்தது அல்லவா?

நேற்று கோவில் பொங்கல். பெரியப்பாவை முன் வரிசையில் உட்கார வைத்தேன், சொன்ன சொல் தவறவில்லை. எழுந்து நின்று படித்தேன்: "ஆட்டோமேட்டிக்தான் வேகம். நான் சொன்னது தப்பு." அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன்டா, நீதானே செயிச்சே? அப்புறம் எதுக்குத் தோத்தேன்னு படிக்கறே?" என்று கேட்டார். "செயிச்சதுனாலதாம்மா தோத்தேன்" என்றேன். பந்தியே சிரித்தது. அப்புறம் நீ கொடுத்தனுப்பிய தாளைக் கீதா படித்தாள்: "மேனுவல் மெதுவானதுதான். ஆனால் இறங்கும்போது இன்னொரு சுற்றுப் போகலாமா என்று நான்தான் முதலில் கேட்டேன்." பெரியப்பா, "ஆக ரெண்டு பேரும் தப்பு. இப்பவாச்சும் பாயசம் போடுங்க" என்றார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். போனில் கியர்ப் பேச்சுக்கு இருந்த தடையை அம்மா எடுத்துவிட்டார். ஆனாலும் எனக்கு இந்தக் காகிதம் பிடித்துப்போயிற்று.

இன்னொன்று. ஆகஸ்டில் கீதா உனக்கு எழுதினாளே, அதைத் தபால்பெட்டியில் போட்டதே நான்தான். "கரண்ட் பில் சம்பந்தமா ஒரு காயிதம்ங்க, போட்டுருங்க" என்று கொடுத்தாள். மேலே உன் விலாசம். பிரிக்கவில்லை, ஆனால் என்ன எழுதியிருப்பாள் என்று தெரியாதா? ஒரு வாரத்தில் நீ வேவு பார்க்கச் சொல்லி எழுதினாய். தெரிந்துதான் சுந்தரராஜுலுவிடம் சாவி வாங்கினேன். நீங்கள் இரண்டு பேரும் இவ்வளவு பாடுபடும்போது எனக்கு மட்டும் என்ன ரோசம் என்று தோன்றியது.

டிராக்கில் பரிசு என்று சொல்லி ஒரு பெட்டி கொடுத்தாயே, திறந்தால் வலது ஷூ மட்டும். "இடதுக்கு இன்னும் அளவு வரலீங்கண்ணா" என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாய். அந்த ஒற்றை ஷூ ஷெட்டில் என் மேஜைமேல்தான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் ஜோடி எங்கே என்று கேட்கிறார்கள்.

இன்று காலை ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, தரையில் போட்டு, இடது காலை வைத்தேன். கீதா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. குதிகாலிலிருந்து ஆரம்பித்தேன். அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஓரமாகக் கொண்டுவந்தேன், அங்கும் ஒன்றுமில்லை. நீ செங்கல் போட்டாயே, அந்தச் சுண்டுவிரலைச் சுற்றி வரும்போது கோடு ஒரு இடத்தில் வெளியே ஓடியிருக்கும் பார். கை நடுங்கியதால் இல்லை. அங்கே கூசியது கண்ணு.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். அந்தக் கோணலை விட்டுவிட்டு அளவெடுத்துத் தைக்கச் சொல்.

உன் அண்ணன்,
மனோஜ்குமார்